பாக்கி வசூல் வழக்கை எந்த வக்கீலிடம் கொடுப்பது? கடலூர், புதுச்சேரி தொழில்முனைவோருக்கு ஓர் ஒப்பீடு

சரக்கைக் கொடுத்து, பில் போட்டு, ஜி.எஸ்.டி.யும் கட்டிவிட்டுப் பணத்துக்காக நடையாய் நடப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "கேஸை யாரிடம் கொடுக்கலாம் சார்?" கடலூர் கோர்ட்டில் முப்பது வருஷமாக நிற்கிற வக்கீலிடமா, சென்னை ஹைகோர்ட்டில் பேர் வாங்கியவரிடமா, சி.ஏ. முடித்துவிட்டுச் சட்டமும் படித்தவரிடமா, அண்மையில் ஓய்வு பெற்ற ஜட்ஜிடமா? நான் கடலூரில் சிறுதொழில்களுக்குக் கணக்கும் வரி வேலையும் பார்ப்பவன். வக்கீல் அல்ல. ஆனால் வழக்குக்குப் போகும் லெட்ஜர்கள் என் மேஜையிலிருந்துதான் கிளம்புகின்றன. அவை கோர்ட்டில் என்ன பாடு படுகின்றன என்பதையும் பார்த்து வருகிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேச வசதியாக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கடலூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறு தொழிற்கூடம். புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருக்கும் நிறுவனம் ஒன்று இரண்டு வருஷமாகப் பெட்டி வாங்கி, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, இப்போது 38 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. கேட்டால் "சரக்கு தரமில்லை" என்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வழக்கு எங்கே போய் நிற்கும் என்பது முதல் கேள்வி. வணிக நீதிமன்றச் சட்டம் 2015-இல் வந்தது. அப்போது ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. 2018 திருத்தத்தில் அந்த வரம்பை 3 லட்சத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஆகவே நம் ஊர்களின் சாதாரண சரக்குப் பாக்கி வழக்குகள்கூட இன்று வணிக வழக்குகளே. தொகை பெரியது என்பதற்காக வழக்கு தானாகச் சென்னைக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி சிவில் அதிகாரம் சென்னை நகர எல்லைக்குள்தான். எதிர்த்தரப்பு புதுச்சேரியில், சரக்கு கிளம்பியது கடலூரில் என்றால் இரண்டு கோடி ரூபாய் வழக்கும் இந்த மாவட்ட அளவிலான வணிக நீதிமன்றங்களில்தான் தொடங்கும். மேல்முறையீட்டுக்குத்தான் சென்னை.

இரண்டாவது, வணிக நீதிமன்ற நடைமுறை அவருக்குப் பழக்கமா? பழைய சிவில் வழக்கில் இருந்த தளர்வு இங்கே கிடையாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும். அது கட்டாயம் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதைத் தாண்டிக் குதித்துப் போடும் வழக்கு, தொடக்கத்திலேயே நிராகரிக்கப்படும். பிராதுடன் (வழக்கு மனுவுடன்) கையிலுள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். எதிர்வாதி பதிலாகத் தரும் எதிருரைக்கு 30 நாள், கோர்ட் நீட்டித்தாலும் சம்மன் சேர்ந்ததிலிருந்து 120 நாள்தான். அதற்குமேல் பதில் சொல்லும் உரிமையே போய்விடும்.

மூன்றாவது, கணக்கைப் படிக்கத் தெரிகிறதா? நான்காவது, வாய்தா அன்று உண்மையில் நிற்கப் போவது யார், குறுக்கு விசாரணை செய்யப் போவது யார்? ஐந்தாவது, மொத்தச் செலவு எவ்வளவு, அது எந்தெந்தப் பெயரில் வரும்? ஆறாவது, எதிர்த்தரப்போடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா? கடைசியாகச் சொன்னது நம் ஊர்களில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கேட்டே ஆக வேண்டும்.

## மாவட்டக் கோர்ட்டில் ஊறிய சிவில் வக்கீல்

இவருடைய பின்னணி பெரும்பாலும் இப்படி இருக்கும்: சென்னையிலோ புதுச்சேரியின் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியிலோ படிப்பு, ஒரு சீனியரிடம் சில வருஷம் ஜூனியர், பிறகு சொந்த ஆபீஸ். பாகப்பிரிவினை, நிலத் தகராறு, வாடகை, ப்ரோநோட்டு, செக் பவுன்ஸ் என்று எல்லாம் பார்த்தவர். இவருடைய பெரிய பலம் சாட்சிக் கூண்டு. "தரமில்லை" என்று சொல்லும் எதிர்த்தரப்பு ஸ்டோர் மேனேஜரை நிறுத்தி, "சரக்கு இறங்கிய அன்றே டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டீர்களா, குறை என்று என்றைக்காவது எழுதினீர்களா" என்று படிப்படியாகக் கேட்டு ஒத்துக்கொள்ள வைப்பது பல வருஷ அனுபவத்தில் மட்டும் வருகிற திறமை. சரக்குப் பாக்கி வழக்குகளில் ஜெயிப்பும் தோற்பும் அநேகமாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகின்றன.

இரண்டாவது பலம் தீர்ப்புக்குப் பிறகு. தீர்ப்பு வாங்கினால் பணம் வந்துவிடாது. நிறைவேற்று மனு போட வேண்டும், ஜப்தி செய்யச் சொத்தைக் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு எந்த பாங்கில் கணக்கு, எங்கே கிடங்கு, இயந்திரம் யார் பேரில் என்பதெல்லாம் உள்ளூரில் வேர்விட்டவருக்குத்தான் எளிதில் தெரியும். கடலூரில் வாங்கிய தீர்ப்பைப் புதுச்சேரியில் நிறைவேற்ற வேண்டுமானால் அதை அந்தக் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்பக் கேட்க வேண்டும். இரண்டு ஊரிலும் நடமாடும் வக்கீலுக்கு இது அன்றாட வேலை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பார் கவுன்சில் ஒன்றே என்பதால் பதிவு சம்பந்தமான தடையும் இல்லை.

புதுச்சேரி நகருக்குள் கடை, கிடங்கு வாடகைத் தகராறு என்றால் உள்ளூர் அனுபவத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைவதற்கு முந்தைய பத்திரங்கள் பல பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய வக்கீல் ஒரு பார்வையில் சொல்வதை, வெளியூர்க்காரர் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்துத்தான் அறிய முடியும்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை பழக்கம். "கேஸைப் போட்டுவிடுவோம், பாக்கி பேப்பரைப் பிறகு கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்துகொள்ளலாம்" என்பது சாதாரண சிவில் வழக்கில் பல காலமாக ஓடிய வண்டி. வணிக நீதிமன்றத்தில் பிறகு கொண்டுவரும் ஆவணத்துக்கு, முன்பே ஏன் தரவில்லை என்று நியாயமான காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இடைக்கால உத்தரவு பிடிக்கவில்லை என்றால் சிவில் சீராய்வு மனுவோடு ஹைகோர்ட்டுக்கு ஓடும் வழியையும் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அடைத்துவிட்டது. இந்த மாற்றத்தை உள்வாங்காத அனுபவசாலியிடம் கொடுத்தால், அவருடைய முப்பது வருஷமே நமக்கு எதிராக வேலை செய்யக்கூடும்.

இரண்டாவது குறை நெருக்கம். கடலூரும் புதுச்சேரியும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர்கள். உங்கள் வக்கீல் எதிர்த்தரப்பின் அண்ணனுக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியிருக்கலாம். எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. "ஐயா, அவங்களுக்கு நீங்க எப்பவாவது ஆஜராகியிருக்கீங்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இவர் பொருந்துவது: 3 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரையிலான சரக்குப் பாக்கி, எதிர்த்தரப்பும் சொத்தும் இந்தப் பக்கத்திலேயே இருக்கும் வழக்கு, சாட்சி விசாரணை முக்கியமான வழக்கு.

## சென்னை உயர் நீதிமன்ற வணிக வக்கீல்

சில வேலைகளுக்குச் சென்னைதான் சரி. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் தீர்ப்பது) இருந்து, அதன் இருக்கை சென்னை என்று எழுதியிருந்தால் அந்த நடுவர் மன்றத்தோடு தொடர்புடைய கோர்ட் வேலை முழுவதும் சென்னையில்தான். நடுவர் தீர்ப்பை எதிர்க்க ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்குமான கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும் (என்.சி.எல்.டி.) சென்னையிலேயே. எதிர்த்தரப்பு கம்பெனியைத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோக வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் 2020 மார்ச் 24 முதல் அதற்குக் குறைந்தபட்சத் தொகை ஒரு கோடி. நம் 38 லட்சம் அந்த அளவை எட்டாது. "என்.சி.எல்.டி.யில் போட்டால் பயந்து கட்டிவிடுவான்" என்று நண்பர்கள் சொல்லும் யோசனை இந்தத் தொகைக்குப் பொருந்தாது. சரக்கின் தரம் பற்றிப் பேமென்ட் நோட்டீசுக்கு முன்பே உண்மையான தகராறு எழுந்திருந்தால், ஒரு கோடிக்கு மேலானாலும் அங்கே நிற்காது.

மேல்முறையீடும் சென்னை வேலையே. வணிக நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60 நாள். அங்கே சாட்சி கிடையாது, சட்ட வாதமும் காகிதமும்தான். வருஷம் முழுவதும் அதையே செய்து பழகியவரின் எழுத்தில் தெளிவு தெரியும்.

செலவு வேறு கதை. டிராஃப்டிங் கட்டணம் தனி, கான்ஃபரன்ஸ் தனி, ஒவ்வொரு ஆஜருக்கும் தனி. இவ்வளவும் கொடுத்து அவரையே கடலூர் கோர்ட்டில் நிறுத்த நினைத்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக்குவரத்தும் ஒரு முழு நாளும் சேரும். ஜட்ஜ் லீவு, வழக்கு தள்ளிவைப்பு என்றாலும் அந்த நாளுக்குக் காசு உண்டு. நடப்பில், இரண்டு மூன்று வாய்தாவுக்குப் பிறகு அவர் வரமாட்டார், உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் சொல்லி ஆஜராக வைப்பார். அந்த உள்ளூர்க்காரருக்கு உங்கள் வழக்குக் கட்டு முழுதாகத் தெரியாது, உங்களுக்கும் அவரைத் தெரியாது. நீங்கள் இரண்டு வக்கீலுக்குக் காசு கொடுத்து, அரை வக்கீலின் கவனத்தைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

உயர் நீதிமன்றம் 'மூத்த வழக்கறிஞர்' என்று அங்கீகரித்தவரை அமர்த்த நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கக்கூடாது, பிராது எழுதக்கூடாது. அவருக்கு விவரம் சொல்லி, கூடவே ஆஜராக இன்னொரு வக்கீல் வேண்டும். ஆக, அவர் கட்டணம் எப்போதும் இரண்டாவது கட்டணம்தான். 38 லட்ச ரூபாய் விசாரணை வழக்குக்கு அது தேவைப்படும் இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

"எல்லாத் தகராறும் சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால்? அந்த ஒரு வரியை வைத்துச் சென்னை வக்கீலைத் தேடி ஓட வேண்டாம். சம்பந்தமே இல்லாத ஊர்க் கோர்ட்டுக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் தர முடியாது. ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில், குஜராத்தின் கைரா கோர்ட்டுக்கு உட்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், வேறு கோர்ட்டுகளை அது தெளிவாக விலக்கவில்லை என்பதால் சேலம் கோர்ட்டே வழக்கை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது. எழுதியிருக்கும் சொற்களையும் வியாபாரம் நடந்த இடத்தையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

இவர் பொருந்துவது: சென்னையை இருக்கையாகக் கொண்ட ஆர்பிட்ரேஷன், கம்பெனித் தீர்ப்பாயம், மேல்முறையீடு, பங்குதாரர் தகராறு. விசாரணை இங்கே நடக்கும் வழக்கில், தாக்கலுக்கு முன் பிராதை ஒருமுறை படித்துக் கருத்துச் சொல்லவும்.

## கணக்கு, வங்கி, கம்பெனிப் பின்னணியிலிருந்து வந்தவர்

சி.ஏ. அல்லது கம்பெனி செக்ரட்டரி படித்து, பிறகு சட்டமும் முடித்தவர்கள், பாங்கின் சட்டப் பிரிவில் பல வருஷம் இருந்து வெளியே வந்தவர்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாக ஆஜராகக்கூடாது என்பது விதி. ஆகவே அவர் வேலையை விட்டுவிட்டாரா, பதிவை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தாரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தொழில் காரணமாக இந்தப் பின்னணிமேல் எனக்குப் பிடிப்பு அதிகம், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. நம் அட்டைப்பெட்டி வழக்கைப் பாருங்கள். சரக்கு விலைக்கு வழக்குப் போட மூன்று வருஷம். கடன் தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து, பேசவில்லை என்றால் சரக்கு சேர்ந்த நாளிலிருந்து. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கடைசி பாக்கித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் நாள் இருக்கிறது" என்று சொல்லும் வக்கீல், பழைய பில்களைக் கெடு தாண்ட விட்டுவிடுவார்.

எதிர்த்தரப்பு பில் நம்பர் சொல்லாமல் "ஆன் அக்கவுன்ட்" என்று கட்டிய தொகைகளை எந்தப் பில்லுக்கு வரவு வைப்பது என்ற கேள்வி இதோடு சேர்ந்து வரும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் அதற்குத்தான். கட்டுபவர் சொன்னபடி, அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் விருப்பப்படி, இருவரும் சொல்லாவிட்டால் காலவரிசைப்படி. இந்த மூன்றையும் புரிந்து லெட்ஜரை மறுபடி எழுதி, வழக்கில் கேட்கும் தொகையைப் பில் வாரியாகக் கட்டி வைக்கத் தெரிந்த வக்கீல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டு வாங்கிய பாக்கி உறுதிக் கடிதம் புதிதாக மூன்று வருஷம் தரும் என்பதும் இவருக்கு நினைவில் இருக்கும், மார்ச் மாதமே அதை வாங்கச் சொல்வார்.

கோர்ட்டுக்கு வெளியே உள்ள வழியையும் இவர்கள்தான் முதலில் நினைப்பார்கள். தொழிற்கூடம் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டப்படி, பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகலாம். 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. விற்றவர் இருக்கும் ஊரை வைத்துக் குழு அமையும், வாங்கியவர் புதுச்சேரியில் இருந்தாலும் பரவாயில்லை. குழு தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான் இது, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வழி கிடையாது. சரக்கு கொடுத்தபோது பதிவு இருந்ததா என்ற வாதத்தையும் எதிர்த்தரப்பு எழுப்பும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடல், டேலி பிரின்ட், இ-வே பில் ஆகியவற்றைச் சாட்சியமாக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி இரண்டு பகுதிச் சான்று வேண்டும், ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்து. இதையும் இவர்கள் அநேகமாக மறக்க மாட்டார்கள்.

இவர்களின் குறை, சாட்சிக் கூண்டு. கோர்ட்டில் குறைந்த வருஷமே நின்றவர், தயாராக வந்த சாட்சியை உடைக்கத் திணறுவார். பாங்கிலிருந்து வந்தவருக்கு வேறொரு சாய்வு உண்டு. வழக்குப் போடுபவர் பக்கமே நின்று பழகியதால், நீங்கள் எதிர்வாதியாக இருக்கும் வழக்கில் வேகம் குறையலாம்.

இவர் பொருந்துவது: பல பில், பல வரவு, வட்டிக் கணக்கு நிறைந்த வழக்கு. வசதியாக்கக் குழு மனு. ஜி.எஸ்.டி., கிரெடிட் நோட் தொடர்பான தகராறு.

## தேசிய சட்டப் பல்கலைக்கழக இளையவர், ஓய்வுபெற்ற நீதிபதி

பெங்களூரு, திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் படித்து ஊர் திரும்பிய இளையவர்களிடம் ஆராய்ச்சியும் எழுத்தும் நன்றாக இருக்கும். வணிக நீதிமன்ற நடைமுறையை முதலிலிருந்தே புதிதாகக் கற்றதால் பழைய பழக்கத்தின் சுமை கிடையாது. 15 லட்சத்துக்குள் உள்ள, ஆவணம் தெளிவான வழக்குக்கு நான் தயங்காமல் அனுப்புவேன். மேலே ஒரு சீனியர் மேற்பார்வை இருந்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஆஜராவதற்கு விதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாக இருந்தவர், அரசியல் சட்டத்தின் 220-ஆவது பிரிவின்படி அந்தக் கோர்ட்டிலும் அதன் கீழுள்ள கோர்ட்டுகளிலும் வாதாட முடியாது. அவர் பயன்படும் இடம் சட்டக் கருத்து, மத்தியஸ்தம், நடுவர் பணி. "அவர் சொன்னால் கோர்ட்டில் கேட்பார்கள்" என்று யாராவது சொன்னால் அந்த ஆபீஸ் படியை ஏறாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| பின்னணி | பலம் | ஒளிந்திருக்கும் செலவு | கொடுக்கலாம் என்றால் |
|---|---|---|---|
| மாவட்ட சிவில் வக்கீல் | குறுக்கு விசாரணை, ஜப்தி | பழைய பழக்கத்தால் ஆவணம் விடுபடுவது | உள்ளூர் எதிர்த்தரப்பு, சாட்சி முக்கியம் |
| சென்னை வணிக வக்கீல் | ஆர்பிட்ரேஷன், மேல்முறையீடு | பயணம், இரண்டாவது வக்கீல் | வழக்கின் இருக்கையே சென்னை |
| சி.ஏ., பாங்க் பின்னணி | லெட்ஜர், கெடு, வட்டி | விசாரணைக்கு இன்னொருவர் தேவைப்படலாம் | பில் அதிகம், எம்.எஸ்.எம்.இ. வழி |
| இளையவர் | எழுத்து, புதிய நடைமுறை | மேற்பார்வைக் கட்டணம் | சிறு தொகை, தெளிவான ஆவணம் |
| ஓய்வுபெற்ற நீதிபதி | சட்டக் கருத்து | ஆஜராக வேறு வக்கீல் | சமரசம், வழக்குக்கு முந்தைய ஆலோசனை |

## பின்னணியை நீங்களே சரிபார்ப்பது

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-ஆவது விதி. இணையதளங்களில் நட்சத்திரம் போட்டு வக்கீல்களைப் பட்டியலிடும் விளம்பரங்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே அந்த நட்சத்திரங்களை நம்பாதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரால் தேடினால் அவர் பெயரில் உள்ள வழக்குகள் வரும். அதில் வணிக வழக்குகள் எத்தனை, அவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன, எத்தனை முடிந்திருக்கின்றன என்று பாருங்கள். பத்து நிமிஷ வேலை. 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டால் எந்த வருஷம் பதிவு செய்தவர் என்பது அதிலேயே இருக்கும்.

பிறகு நேரில் மூன்று கேள்வி. வணிக நீதிமன்றத்தில் இறுதி வரை நடத்திய வழக்கு ஏதாவது உண்டா? 12ஏ மத்தியஸ்தத்தில் எதிர்த்தரப்பு வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? என் சாட்சியை யார் தயார் செய்வார்கள்? பதில் தெளிவாக வருகிறதா என்பது போதும், அழகாக வர வேண்டியதில்லை.

தேர்வில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பின்னால் திருத்திக்கொள்ள வழி குறைவு. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் ஒழுங்கீனம் இருந்தால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், போன வழக்கு அதனால் திரும்பி வராது.

## கட்டணப் பேச்சு

தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 38 லட்சத்துக்கு 1 லட்சத்து 14 ஆயிரம். புதுச்சேரிக்குத் தனிக் கட்டணச் சட்டம் இருப்பதால், எங்கே போடுவது என்று முடிவெடுப்பதற்கு முன் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மத்தியஸ்தக் கட்டணத்தை இரு தரப்பும் சமமாகப் பகிர வேண்டும். அங்கே சமரசம் ஆனால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமம், மறுபடி வழக்குப் போட வேண்டியதில்லை.

வக்கீல் கட்டணத்தில் நம் ஆட்கள் மறப்பது வரி. வணிக நிறுவனத்துக்கு வக்கீல் தரும் சேவைக்கு ஜி.எஸ்.டி.யை வாங்குபவரே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும், 18 சதவீதம். இன்புட் கிரெடிட் எடுக்கலாம், ஆனால் கட்டவே மறந்துவிட்டு வட்டியோடு நோட்டீஸ் வாங்கியவர்கள் என் கட்சிக்காரர்களிலேயே உண்டு. டி.டி.எஸ். பிடிக்கும் கடமை உள்ள நிறுவனமாக இருந்தால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்ற பேச்சு பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. அதை வலிய முன்வைப்பவரிடம் விலகியே இருங்கள். பிராது, மத்தியஸ்தம், விசாரணை, வாதம், நிறைவேற்று மனு என்று கட்டம் கட்டமாகத் தொகையை எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

## அட்டைப்பெட்டி வழக்குக்கு என் தேர்வு

முதலில் வசதியாக்கக் குழு வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்திருந்தால் கணக்குப் பின்னணி உள்ளவரிடம் கட்டு போகும். பதிவுச் சிக்கலால் அந்த வழி அடைபட்டால், வணிக வழக்கு நடத்திக் காட்டிய உள்ளூர் சிவில் வக்கீலிடம் வக்காலத்து. பில் வாரிப் பட்டியலையும் கால வரிசையையும் நாம் கணக்கர்களே தயாரித்துக் கொடுக்க வேண்டும், அதை வக்கீலின் குமாஸ்தாவிடம் விடக்கூடாது. தாக்கல் செய்வதற்கு முன் பிராதைச் சென்னை வணிக வக்கீல் ஒருவரிடம் ஒரே ஒரு கருத்துக்காகக் காட்டி, அதற்கு மட்டும் கட்டணம் தருவேன். பெயருக்காகச் சென்னையில் முழு வழக்கையும் ஒப்படைப்பதைவிட இதில் செலவு மிகக் குறைவு, வழக்கும் கைக்குள் இருக்கும்.

நீங்கள் எதிர்வாதி என்றால் வரிசை மாறும். 120 நாள் என்ற சுவர் முன்னால் நிற்கிறது. யார் நாளைக்கே உட்கார்ந்து எதிருரை எழுதுவாரோ அவர்தான் உங்கள் வக்கீல், பின்னணி இரண்டாம்பட்சம்.

ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்துவிட்டு மாற்ற நினைப்பவர்களும் கேட்கிறார்கள். மாற்றலாம். பழையவரிடம் ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்கி, புதியவர் வக்காலத்துத் தாக்கல் செய்வது வழக்கம். கட்டணப் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நியாயமான பாக்கியைக் கொடுத்துவிட்டு, மரியாதையாகப் பேசிக் கட்டை வாங்குங்கள். குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது மாற்ற வேண்டாம். அதற்கு முன்பு, ஆவணங்கள் பதிவாகும் கட்டத்தில் மாற்றினால் புதியவருக்குக் கட்டைப் படிக்க நேரம் இருக்கும். மாற்றிய மறுநாளே இ-கோர்ட்ஸில் அடுத்த வாய்தாவையும், புதியவரின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.